படத்தைப் படிக்கிறதா, எழுத்தைப் படிக்கிறதா?

ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கதைப்புத்தகத்தைப் புரட்டி, "பூனை பால் குடித்தது" என்று கடகடவெனச் சொன்னால் உடனே கைதட்டிவிட வேண்டாம். பூனை படத்தில் இருக்கிறது. மீதி நேற்றுக் காதில் விழுந்தது. படத்தைத் தாளால் மறைத்து, "இதுல ‘பால்’ எங்க இருக்கு? தொட்டுக் காட்டு" என்று கேளுங்கள். விரல் தடுமாறினால் பிள்ளைக்குக் கதை மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, பெரிய எழுத்து, திரும்பத் திரும்ப வரும் வாக்கியம் உள்ள புத்தகமே தொடக்கத்துக்கு ஏற்றது. பிரதம் புக்ஸ் பதிப்பகத்தின் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன, அச்செடுத்தும் கொடுக்கலாம். நாற்பது பேருக்கு ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினால் பின்வரிசைக்கு வண்ணம்தான் தெரியும். பன்னிரண்டு பேராக அரைவட்டத்தில் உட்கார வையுங்கள்.

முதல் நாள் படத்தைப் பற்றிப் பேச்சு மட்டும், பிள்ளைகளின் மொழியிலேயே. வாசிப்பு மறுநாள். பலரும் சறுக்கும் இடம் இது: அச்சில் "குடித்தது" என்றிருக்க, ஆசிரியர் வாய் "குடிச்சுது" என்கிறது. விரல் ஓர் எழுத்தில், ஒலி வேறெங்கோ. எழுத்துக்கும் ஒலிக்கும் உறவில்லை என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். பேசும்போது பேச்சுத்தமிழ், விரல் வைத்தால் அச்சில் உள்ளபடி. "இப்போ புத்தகம் சொல்ற மாதிரி" என்று சொல்லிவிட்டு மாறுங்கள்.

பிறகு ஒரு வாக்கியத்தை அட்டைத் துண்டில் எழுதி, சொல் சொல்லாக வெட்டிக் கலைத்துக் கொடுத்து அடுக்கச் சொல்லுங்கள். படம் பக்கத்தில் வேண்டாம்.

எழுத்துக்கு வரும்போது கொம்புதான் பெரும் தொல்லை. "கொக்கு" என்பதில் கண் முதலில் பார்ப்பது கொம்பை. அதற்குத் தனி ஒலி கிடையாது. கொம்பு, க, கால் மூன்றையும் சேர்த்து வட்டமிட்டு ஒரே எழுத்தாகக் காட்டுங்கள். கால் குறியை ‘ர’ என்று நினைத்து "காகம்" என்பதைக் "கரகம்" என்று வாசிப்பதும் உண்டு. அப்போது படத்தைத் திறக்கலாம்: "இது கரகமா, பாரு?"

சொல் தெரியாமல் நிற்கும் பிள்ளையிடம் "படத்தைப் பார்த்துச் சொல்லு" என்பது மட்டும் கூடாது. எழுத்துக் கூட்டி முடித்த பிறகு, சொன்னது சரிதானா என்று பார்க்கத்தான் படம். "பகல்" என்பதில் வரும் ‘க’வைக் ‘கல்’லில் வருவதுபோல அழுத்திச் சொல்லிவிட்டு விழிக்கும் பிள்ளை, பக்கத்தில் சூரியனைப் பார்த்ததும் தானே திருத்திக்கொள்ளும்.