மெஷின் அவருடையது, பணம் விழும் கணக்கு யாருடையது?

வீட்டு முன்னறையில் ஒரு மெஷினைப் போட்டு ஜாக்கெட் தைக்கும் பெண்கள் பலரின் சுவரில் இன்று கியூஆர் அட்டை தொங்குகிறது. ஸ்கேன் செய்து பார்த்தால் வரும் பெயர் பெரும்பாலும் கணவருடையது, இல்லையென்றால் காலேஜ் படிக்கும் மகனுடையது. வீட்டுக்குள்தானே இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் வாங்க வங்கியில் கடன் கேட்கும்போதுதான் இடிக்கும். சிறு தொழிலுக்கான மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை பிணையில்லாமல் தருகிறார்கள். ஆனால் மேலாளர் முதலில் புரட்டுவது விண்ணப்பதாரரின் கணக்கு ஸ்டேட்மெண்டைத்தான். இரண்டு வருடமாக 300, 450 என்று விழுந்த பணமெல்லாம் மகனின் கணக்கில் அவன் வரவாக நிற்கும். தைத்தவருக்கு வருமானமே இல்லாதது போலத் தெரியும். கைப்பேசி தொழிலுக்குச் செய்யக்கூடிய பெரிய உதவியை இந்த ஒரு இடத்தில் கோட்டை விடுகிறோம்.

கியூஆரைத் தன் கணக்குக்கு மாற்றுவது கஷ்டமில்லை, ஆனால் மூன்று இடத்தில் தட்டும். யுபிஐ செயலி, வங்கியில் பதிவான எண்ணிலிருந்தே ஒரு எஸ்எம்எஸ் அனுப்பிச் சரிபார்க்கும். கணக்கு தொடங்கியபோது மகனின் எண்ணைக் கொடுத்திருந்தால் இங்கேயே நின்றுவிடும். ஆதார், பாஸ்புக்கோடு கிளைக்குப் போய் எண்ணை மாற்றிக்கொண்ட பிறகே ஆரம்பியுங்கள். இரண்டு சிம் போட்ட போனில் தவறான சிம்மைத் தேர்ந்தெடுப்பதும், எஸ்எம்எஸ் போக பேலன்ஸ் இல்லாததும் அடுத்த தடங்கல். மூன்றாவது, பணம் அனுப்பும்போது போடும் யுபிஐ பின் நம்பர். அதை அமைக்க டெபிட் கார்டின் கடைசி 6 எண்களும் காலாவதி மாதமும் வேண்டும். கார்டு இல்லாவிட்டால் ஆதார் ஓடிபி வழி உண்டு. அதற்கு வங்கியில் உள்ள அதே எண் ஆதாரிலும் இருக்க வேண்டும்.

கணக்கு எந்த வகை என்றும் கேட்டுவிடுங்கள். முழு கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுக்காமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் ஒரு நிதியாண்டில் 1 லட்சம் ரூபாய்தான் வரவு வைக்க முடியும். இருப்பு 50,000-ஐத் தாண்டக் கூடாது. மாதத்துக்கு 10,000-க்கு மேல் எடுக்கவும் முடியாது. ஜாக்கெட்டுக்கு 300 என்று நாளைக்கு மூன்று தைத்து மாதம் 25 நாள் உட்கார்ந்தால் 22,500 ஆகிறது. ஐந்தாவது மாதத்திலேயே வரம்பு முடிந்துவிடும், தீபாவளி நேரத்தில் பணம் திரும்பிப் போகும். ஆதார், பான் அட்டை, போட்டோ கொடுத்தால் சாதாரணக் கணக்காக மாற்றித் தருவார்கள். பான் இல்லாவிட்டால் அதற்குப் பதிலான உறுதிமொழிப் படிவத்தை வங்கியில் கேட்டு எழுதிக் கொடுத்தால் போதும்.

பணத்துக்கு அடுத்தது ஆர்டர். தையலில் நஷ்டம் பெரும்பாலும் ஊசியால் வருவதில்லை, ஞாபகத்தால் வருகிறது. யார் துணி, எந்த லைனிங், என்றைக்கு வேண்டும் என்பதில் குழம்பினால் வெட்டிய துணியை ஒட்ட முடியாது. அளவு ஜாக்கெட்டைத் தரையில் சுருக்கமில்லாமல் விரித்து, மேலே துணியை மடித்து வைத்து, பக்கத்தில் டேப்பை நீட்டி, நோட்டில் எழுதிய வரிசை எண்ணும் தெரியும்படி நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். சாய்த்து எடுத்தால் அளவு பொய் சொல்லும். அந்தப் படத்தை வாடிக்கையாளருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால் இரண்டு பக்கமும் பதிவு ஆகிவிட்டது.

குரல் செய்தியில் "கழுத்து கொஞ்சம் இறக்கமா வைங்க" என்று சொல்வார்கள். 'கொஞ்சம்' என்று டேப்பில் கோடு கிடையாது. "பின் கழுத்து 8 அங்குலம் வைக்கிறேன், சரியாக்கா?" என்று திருப்பிக் கேட்டு, பதில் வந்த பிறகு கத்தரியை எடுங்கள். அந்தப் பதில் இருந்தால், நாளைக்குச் சண்டை வராது.

வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். 'அளவு வந்தது', 'தைத்தாச்சு', 'பாக்கி' என்று லேபிள் போட்டுக்கொண்டால் யாரிடம் காசு நிற்கிறது என்று ஒரே பார்வையில் தெரியும். ஒரே எண்ணில் சாதாரண வாட்ஸ்அப்பும் இதுவும் சேர்ந்து ஓடாது. மாற்றுவதற்கு முன் பழைய உரையாடல்களை பேக்கப் எடுத்துவிடுங்கள். பண்டிகைக்கு முன் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் வசதியும் உண்டு, ஒரு பட்டியலில் 256 பேர் வரை. ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே அது போய்ச் சேரும். துணி வாங்கும்போதே "என் நம்பரை சேவ் பண்ணிக்கங்க" என்று சொல்லுங்கள்.

ஏமாற்றும் வழிகளில் சிறு கடைகளைக் குறிவைப்பது இது: 50 யூனிஃபார்ம் ஆர்டர் என்று யாரோ அழைப்பார், அட்வான்ஸ் வாங்க ஒரு கியூஆர் படத்தை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார். பணம் வாங்க பின் நம்பர் ஒருபோதும் தேவையில்லை. பின் கேட்டாலே உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே போகிறது என்று அர்த்தம். வாடிக்கையாளர் திரையில் காட்டும் பச்சை டிக்கை நம்பாதீர்கள், போலிச் செயலியும் அதைக் காட்டும். சில வங்கிகள் சிறு தொகைக்கு எஸ்எம்எஸ் அனுப்புவதில்லை, அதனால் உங்கள் செயலியிலேயே வரவைப் பாருங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள். திருடிய பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவும் என்பதால் முதல் ஒரு மணி நேரம் முக்கியம். பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு அழையுங்கள்.

உடனடிக் கடன் செயலி எதுவும் உங்கள் தொடர்புப் பட்டியலையோ கேலரியையோ கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் அப்போதே நீக்குங்கள். அந்தப் பட்டியலில் இருப்பது உங்களை நம்பி எண் கொடுத்த பெண்கள்.

பட்டன் போன் வைத்திருப்பவரும் ஒதுங்க வேண்டியதில்லை. வங்கியில் தன் கணக்குக்கான கியூஆர் அட்டையைக் கேட்டு வாங்கி மாட்டலாம். இணையம் இல்லாமலே *99# அழுத்தி இருப்பைப் பார்க்கலாம், 5,000 ரூபாய் வரை அனுப்பலாம். ரொக்கமாக வந்ததை வாரம் ஒருமுறை கணக்கில் கட்டிவிடுங்கள், கையில் புழங்கும் காசு ஸ்டேட்மெண்டில் ஏறாது.

புது அட்டையை மாட்டியதும் பழையதைக் கிழித்துப் போடுங்கள். அப்படியும் பழைய வாடிக்கையாளர்களின் போனில் மகன் பெயர்தான் மேலே நிற்கும், பழக்கத்தில் அதையே தட்டி அனுப்பிவிடுவார்கள். முதல் சில வாரங்களுக்கு ஒவ்வொருவரிடமும் "என் பேர் வருதா பாருங்கக்கா" என்று கேட்டுத்தான் வாங்க வேண்டியிருக்கும்.