ஆய்வுக்குக் கொடுத்த பணம் வேலை செய்ததா? அதை அளப்பது எப்படி?

ஆய்வுக்கு நிதி வழங்கும் அரச நிறுவனம் ஒன்றின் ஆண்டறிக்கையைப் புரட்டினால் வழக்கமாக நான்கு எண்கள் முன்னுக்கு நிற்கும்: கொடுத்த மானியங்கள், செலவான ரூபாய், வெளிவந்த கட்டுரைகள், பட்டம் பெற்ற ஆய்வு மாணவர்கள். கணக்காய்வாளர் நாயகத்தின் ஆட்கள் ரூபாயைப் பார்ப்பார்கள். அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான 'கோப்' மிஞ்சிக் கிடக்கும் பணத்தைப் பற்றித் துருவிக் கேட்கும். எல்லாம் தேவையான வேலைதான். ஆனால் கட்டுரை எழுதியது ஆய்வாளர், பட்டம் பெற்றது மாணவர். நடுவில் இருந்த நிறுவனம் என்ன செய்தது, அது இல்லாவிட்டால் என்ன குறைந்திருக்கும் என்பதை இந்த நான்கு எண்களும் சொல்வதில்லை.

கொழும்பு 7, மெயிட்லண்ட் பிளேஸில் இருக்கும் தேசிய விஞ்ஞான மன்றம் இப்படி ஆய்வுக்கு நிதி வழங்கும் அரச நிறுவனம். அது 1994ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க விஞ்ஞான தொழினுட்ப அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் அமைந்து, 1998 முதல் இயங்குகிறது. அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது 'நரேசா' என்ற இயற்கை வளங்கள், சக்தி, விஞ்ஞான அதிகாரசபை. இலங்கையின் மொத்த ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம், தென் கொரியாவில் அது 4 சதவீதத்துக்கும் மேல். பணம் தாராளமாக உள்ள நாட்டில் ஓரிடத்தில் தவறாக நிராகரிக்கப்பட்டவர் இன்னொரு கதவைத் தட்டலாம். இங்கே தட்டுவதற்குக் கதவுகள் குறைவு. ஆகவே தெரிவில் நடக்கும் பிழைக்கு இங்கே விலை அதிகம்.

இப்படியான நிறுவனத்துக்குச் சொந்தமான வேலை மூன்றுதான்: நல்ல ஆய்வைத் தெரிவுசெய்வது, தெரிவானதற்குப் பணத்தை நேரத்துக்குக் கொடுப்பது, முடியும்வரை கூட நிற்பது. அளவுகோலை இந்த மூன்றின் மேல்தான் வைக்க வேண்டும்.

தெரிவில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு

1981இல் ஸ்டீபன் கோலும் சகாக்களும் 'சயன்ஸ்' சஞ்சிகையில் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். அமெரிக்க தேசிய விஞ்ஞான மன்றம் ஏற்கெனவே முடிவு எடுத்திருந்த 150 விண்ணப்பங்களை வேறொரு மதிப்பீட்டாளர் வரிசைக்கு அனுப்பிப் பார்த்தார்கள். ஒரு விண்ணப்பத்தின் தலைவிதியில் ஏறக்குறையப் பாதியைத் தீர்மானித்தது அதன் தரம். மற்றப் பாதியைத் தீர்மானித்தது, அது யார் கையில் போய் விழுந்தது என்பது. மதிப்பீட்டாளர்கள் கவனயீனமாக வாசித்தார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. 'நல்ல ஆய்வு' எது என்பதில் நேர்மையான நிபுணர்களே உண்மையாக முரண்படுகிறார்கள்.

இந்த முரண்பாட்டை எண்ணில் பிடிக்கலாம். ஒரே விண்ணப்பத்துக்கு இரண்டு பேர் தனித்தனியாக இடும் புள்ளிகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை 0 முதல் 1 வரையான நம்பகத்தன்மைக் குணகமாகக் கணிப்பார்கள். தனியொருவரின் நம்பகத்தன்மை 0.3 என்று வைத்துக்கொண்டால், இரண்டு பேரின் சராசரி 0.46, மூன்று பேருக்கு 0.56, ஐந்து பேருக்கு 0.68, எட்டுப் பேருக்கு 0.77. இரண்டிலிருந்து மூன்றுக்குப் போவதில் கிடைக்கும் இலாபம் ஏழிலிருந்து எட்டுக்குப் போவதில் கிடைக்காது. ஒரு நிறுவனம் எத்தனை மதிப்பீட்டாளரை வைத்திருக்கிறது என்பதை விட, இந்தக் குணகத்தை அது ஒரு தடவையாவது கணித்துப் பார்த்திருக்கிறதா என்று கேட்பதே நல்ல கேள்வி. அதற்குப் புதுப் பணம் வேண்டாம், பழைய புள்ளித்தாள்கள் போதும்.

இன்னும் உறுதியாகப் பார்க்க விரும்பினால் இரட்டைக் குழுப் பரிசோதனை இருக்கிறது. வந்த விண்ணப்பங்களில் பத்தில் ஒன்றைக் குலுக்கிப் போட்டு எடுத்து, முதற்குழுவுக்குத் தெரியாமல் இரண்டாவது குழுவுக்கும் அனுப்ப வேண்டும். 200 விண்ணப்பம் வந்தால் 20. விண்ணப்பத்துக்கு மூவர் வீதம் மேலதிகமாக 60 மதிப்பீடுகள். மூன்று ஆண்டு சேர்த்தால் 60 விண்ணப்பங்கள் கையில் இருக்கும், முடிவுகள் எத்தனை தடவை தலைகீழாகின என்று எண்ணலாம்.

சின்ன நாட்டில் இதில் ஒரு சிக்கல் உண்டு. குறிப்பிட்ட ஒரு துறையில் நாட்டிலேயே ஆறு பேர்தான் வேலை செய்கிறார்கள் என்றால், அதில் ஒருவர் விண்ணப்பதாரர், இருவர் அவருடைய இணை ஆசிரியர்கள், ஒருவர் அவருடைய பழைய மேற்பார்வையாளர். மிஞ்சும் இருவரில் ஒருவர் அதே பணத்துக்குப் போட்டியிடுபவராக இருப்பார். வெளிநாட்டு மதிப்பீட்டாளரை நாடுவது ஓரளவுக்குத்தான் தீர்வு: வட மத்திய மாகாணத்தின் காரணம் தெளியாத சிறுநீரக நோய் பற்றிய வேலையின் அவசரம் வேறு நாட்டில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். எனவே விஞ்ஞானத் தரத்தை வெளியாரும், நாட்டுக்கான தேவையை உள்ளூர்க் குழுவும் தனித்தனிப் புள்ளியாக இடுவது நல்லது. இரண்டையும் ஒரே எண்ணாகக் கலந்துவிட்டால் எது எதை இழுத்தது என்று பிறகு பிரித்தெடுக்கவே முடியாது.

வெட்டுப்புள்ளியின் இரு பக்கமும்

பணம் என்ன வித்தியாசத்தை உண்டாக்கியது என்பதற்கு வருவோம். மானியம் பெற்றவர்களையும் பெறாதவர்களையும் ஒப்பிடுவது பயனற்றது. கெட்டிக்காரர்களுக்கே மானியம் கிடைத்திருந்தால், பணம் இல்லாமலும் அவர்கள் கூடுதலாக எழுதியிருப்பார்கள்.

ஆனால் தரவரிசைப் பட்டியலின் ஓர் இடத்தில் மட்டும் இந்த ஒப்பீடு செல்லும். உதாரணமாக 200 விண்ணப்பம் வந்து 30க்கே பணம் இருக்கிறது. 30ஆம் இடத்துக்குக் கீழே விழும் கோடுதான் வெட்டுப்புள்ளி. 30ஆம் இடத்துக்கு 71.3 புள்ளி, 31ஆம் இடத்துக்கு 71.1. இந்த 0.2 இடைவெளி, வேறொரு மதிப்பீட்டாளர் வந்திருந்தால் மாறக்கூடியதை விட மிகச் சிறியது. எனவே 25 முதல் 30 வரை உள்ளவர்களும் 31 முதல் 36 வரை உள்ளவர்களும் தரத்தில் ஒரே கூட்டம். ஒரு பாதிக்குப் பணம் போனது, மறு பாதிக்குப் போகவில்லை. இரு பகுதியையும் ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தால் தெரியும் வித்தியாசத்தைப் பணத்தின் கணக்கில் எழுதலாம்.

பிரையன் ஜேக்கப், லார்ஸ் லெஃப்க்ரென் இருவரும் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகங்களின் வழமையான ஆய்வு மானியங்களை இப்படி ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட முடிவு பலரைத் திகைக்க வைத்தது: அடுத்த ஐந்தாண்டில் ஒரேயொரு கட்டுரைதான் கூடுதல், ஏறத்தாழ 7 சதவீதம். நிராகரிக்கப்பட்டவர்கள் வேறு இடத்தில் பணம் பிடித்துக்கொண்டார்கள் என்பதுதான் இதற்கு அவர்கள் தரும் முக்கிய விளக்கம். மாற்று வழிகள் குறைந்த நாட்டில் இதே கணிப்பைச் செய்தால் வித்தியாசம் பெரிதாக வர இடமுண்டு. 2018இல் நெதர்லாந்தின் இளம் ஆய்வாளர் மானியங்களைப் பற்றி வந்த ஆய்வோ வேறொன்றைக் காட்டியது. கோட்டுக்குச் சற்று மேலே இருந்தவர்கள் அடுத்த எட்டு ஆண்டில் கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகமான ஆய்வுப் பணத்தைத் திரட்டினார்கள். கீழே நின்றவர்களில் பலர் பிறகு விண்ணப்பிப்பதையே விட்டுவிட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம்.

இந்த முறை கெட்டுப்போகும் இடங்கள் உண்டு. வெட்டுப்புள்ளி எங்கே விழும் என்று தெரிந்த பிறகு குழு ஒருவருக்கு இரண்டு புள்ளி கூட்டிவிட்டால் ஒப்பீடு செத்துவிடும். புள்ளிகளை வரைபடமாக்கிப் பார்த்தால் கோட்டுக்குச் சற்று மேலே ஒரு திடீர்க் குவியல் தெரியும், அதுதான் அடையாளம். ஆகையால் கலந்துரையாடலுக்கு முந்திய புள்ளியும் பிந்திய புள்ளியும் தனித்தனியாகப் பதிவாகியிருக்க வேண்டும். அடுத்தது, ஓர் ஆண்டில் கோட்டின் இரு பக்கமும் பன்னிரண்டு பேர்தான். பத்து ஆண்டுகளைச் சேர்க்காமல் எதுவும் சொல்ல முடியாது. நாட்டை விட்டுப் போனவர்களைக் கணக்கிலிருந்து தூக்குவது இன்னொரு பிழை. நிராகரிக்கப்பட்டவர் மெல்பனுக்குப் போய்விட்டார் என்றால் அதுவும் ஒரு விளைவுதான், எழுதி வைக்க வேண்டியது.

கட்டுரைகளை எண்ணும்போது

எண்ணவே கூடாது என்று சொல்ல வரவில்லை. உயர்தரப் பரீட்சையில் வெவ்வேறு பாடங்களின் புள்ளிகளை நேரே கூட்டாமல், பாடத்துக்குப் பாடம் சமன் செய்து இசட் புள்ளி போடுவது ஏன் என்று இங்கே எந்தப் பெற்றோருக்கும் தெரியும். ஒரு கட்டுரையைப் பிற கட்டுரைகள் எத்தனை தடவை எடுத்துக்காட்டின என்ற மேற்கோள் எண்ணிக்கைக்கும் அதே நியாயம்தான்: மூலக்கூற்று உயிரியலில் 20 மேற்கோள் சாதாரணம், கணிதத்தில் அது பெரிய விஷயம். துறையையும் ஆண்டையும் வைத்துச் சமன் செய்யாத மேற்கோள் பட்டியலைப் படிக்காமல் மூடி வைக்கலாம். சஞ்சிகையின் தாக்கக் காரணியை (அதன் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள் எண்ணிக்கையை) வைத்துத் தனி ஆய்வை எடைபோட வேண்டாம் என்று, ஆய்வு மதிப்பீடு பற்றிய 2012இன் சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் சொன்ன பிறகும் அந்தப் பழக்கம் பல விண்ணப்பப் படிவங்களில் உயிரோடுதான் இருக்கிறது.

ஆண்டுக்கு ஆண்டு ஒப்பீடு இதைவிட ஏமாற்றும். 40 மானியம், மானியத்துக்குச் சராசரி 2 கட்டுரை என்று கொள்வோம். வெறும் தற்செயலாலேயே அந்தச் சராசரி மேலும் கீழும் ஆடும். இரண்டு ஆண்டுகளின் சராசரிகளுக்கு இடையே ஏறத்தாழ 0.6 வரை வித்தியாசம் வந்தால்கூட அதில் செய்தி எதுவும் இல்லை. உண்மையில் ஓரிருவர் பத்துக் கட்டுரை எழுத, பலர் ஒன்றும் எழுதாமல் இருப்பதால் ஆட்டம் இன்னும் பெரிது. 2.0 என்பது 2.4 ஆனால் 'இருபது சதவீத வளர்ச்சி' என்று அறிக்கையில் தடித்த எழுத்தில் வரும். அது இரைச்சல். அடுத்த ஆண்டு 1.7க்கு இறங்கினால் பணிப்பாளரைத் திட்டுவதும் அதே அளவுக்குப் பிழை.

ஒரே கட்டுரையில் தேசிய விஞ்ஞான மன்றத்துக்கும் தேசிய ஆராய்ச்சிச் சபைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் நன்றி சொல்லியிருந்தால் மூன்று இடத்திலும் அது முழுசாக எண்ணப்படக்கூடாது. மூன்றிலொன்றாகப் பிரிக்க வேண்டும். மானிய இலக்கத்தைக் கட்டுரையில் ஒரே வடிவில் எழுதுமாறு ஒப்பந்தத்திலேயே கேட்டால் தேடும் வேலை பாதியாகும். எண்ணும் காலமும் முக்கியம்: மூன்றாண்டுத் திட்டத்தின் நல்ல கட்டுரைகள் பெரும்பாலும் இறுதி அறிக்கை கொடுத்த பிறகே வரும்.

தோல்விகளே இல்லாத பட்டியலைப் பாராட்டத் தேவையில்லை. அமெரிக்காவின் ஹவார்ட் ஹியூஸ் மருத்துவ நிறுவனம் நீண்ட கால நிதி கொடுத்து ஆரம்பத் தோல்விகளைப் பொறுத்துக்கொள்ளும். அதன் ஆய்வாளர்கள் பெரும் தாக்கமுள்ள கட்டுரைகளைக் கூடுதலாகத் தந்தார்கள், எடுபடாத கட்டுரைகளையும் கூடுதலாகவே தந்தார்கள் என்று 2011இல் பியர் அஸூலேயும் சகாக்களும் காட்டினார்கள். 'இந்தக் காரணம் இல்லை' என்று உறுதியாக நிறுவிய சிறுநீரக நோய் ஆய்வும் வெற்றிதான். அதை எழுதுவதற்கு ஆண்டறிக்கையில் ஒரு கட்டம் இருக்க வேண்டும்.

கடிகாரம்

நிறுவனத்தின் கைக்குள் முழுதாக இருப்பது நேரம். ஒவ்வொரு மானியத்துக்கும் ஆறு திகதிகள் போதும்: விண்ணப்ப முடிவுத் திகதி, தீர்மானம், ஒப்பந்தக் கையொப்பம், முதற்பணம், முதல் கொள்வனவு வந்து சேர்ந்த நாள், முதல் தரவு. சராசரியைப் போடாமல் இடையத்தையும் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் எண்ணையும்), பத்தில் ஒன்பது பேருக்கு எத்தனை மாதத்துக்குள் முடிந்தது என்பதையும் தர வேண்டும். ஒரேயொரு 30 மாதத் தாமதம் சராசரியைக் குழப்பிவிடும்.

இந்த ஆறு திகதிகளில் பணம் எங்கே கரைகிறது என்று தெரியும். மறை 20 பாகை செல்சியசில் இருக்க வேண்டிய நொதியம் ஒன்று உலர் பனிக்கட்டிப் பெட்டியில் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வருகிறது. அந்தப் பனிக்கட்டி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். வெள்ளிக்கிழமை மாலை வந்து, ஒரு கடிதம் குறைவதால் செவ்வாய் வரை விடுவிக்கப்படாவிட்டால் போத்தல் கைக்கு வரும், நொதியம் வேலை செய்யாது. செலவுப் பட்டியலில் அது ஒழுங்காகச் செலவான பணமாகவே நிற்கும். மாணவர் ஆறு மாதம் காத்திருந்து வேறு வேலைக்குப் போவார், திட்டம் செலவில்லாக் கால நீடிப்புக் கேட்கும்.

2022 இன்னொரு பாடம். 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 அளவுக்குப் போனது. 50 இலட்சம் ரூபாய் மானியம் 25,000 டொலர் பொருள் வாங்கும் என்று எழுதப்பட்டிருந்தால், அதே ரூபாயில் 14,000 டொலருக்கும் குறைவாகவே வாங்க முடிந்தது. அந்த ஆண்டின் திட்டங்களை மற்ற ஆண்டுகளுடன் ரூபாயில் ஒப்பிட்டு 'விளைதிறன் குறைந்தது' என்று எழுதுவது கணக்குப் பிழை. திறைசேரி பணத்தைத் தாமதமாக விடுவித்த நாட்களையும் மன்றத்தின் மேசையில் கோப்பு கிடந்த நாட்களையும் தனித்தனி நிரலில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் பழி மற்றவர் தலையில் விழும்.

விண்ணப்பதாரரின் நேரமும் செலவுதான். அவுஸ்திரேலியாவின் மருத்துவ ஆய்வு நிதிக்கு 2012இல் 3,727 விண்ணப்பங்கள். அவற்றைத் தயாரிக்க ஏறத்தாழ 550 வேலை ஆண்டுகள் போயின, வென்றவர்கள் ஐந்தில் ஒருவர். இங்கே 200 பேர் ஆளுக்கு 20 நாள் செலவிட்டாலே 4,000 நாட்கள், அதாவது 17 விரிவுரையாளர்களின் ஓராண்டு. இரண்டு பக்க முன்விண்ணப்பம் கேட்டு முக்கால்வாசியை அங்கேயே கழித்துவிட்டால் இந்தச் செலவு பெருமளவு குறையும். நியூசிலாந்தின் சுகாதார ஆய்வுச் சபை 2013இல் ஒரு மானிய வகையில், தரம் தாண்டிய விண்ணப்பங்களைக் குலுக்கல் முறையில் தெரிவுசெய்யத் தொடங்கியது. கோட்டருகே நடப்பது ஏற்கெனவே பாதிக் குலுக்கல்தான் என்றால், அதை ஒளிக்காமல் செய்வதில் தவறில்லை என்பதே எமது எண்ணம். மேலதிக இலாபம்: குலுக்கலில் தோற்றவர்களும் வென்றவர்களும் மிகச் சுத்தமான ஒப்பீட்டுக் கூட்டங்கள்.

மதிப்பீட்டைச் செய்பவர்கள் நிறுவனத்துக்கு வெளியே இருக்க வேண்டும், தரவை நிறுவனமே சேர்க்க வேண்டும். இன்றே தொடங்கக்கூடியது பதிவேடு: விண்ணப்ப இலக்கம், துறை, ஒவ்வொரு மதிப்பீட்டாளரின் புள்ளி அவருடைய குறியீட்டு இலக்கத்துடன், குழுவின் இறுதிப் புள்ளி, அந்த ஆண்டின் வெட்டுப்புள்ளி, ஆறு திகதிகள். விண்ணப்பதாரரின் நிரந்தர ஆய்வாளர் இலக்கத்தையும் கேட்டு வாங்கினால் அவர் எந்த நாட்டில் இருந்து எழுதினாலும் தேடிப் பிடிக்கலாம். ஆவண அழிப்பு அட்டவணையில் நிராகரிக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு மூன்று ஆண்டு என்று எழுதியிருந்தால் அதைப் பதினைந்தாக மாற்ற ஒரு சபைத் தீர்மானம் போதும்.