இராமச்சந்திரன் வரைபு: புரதச் சங்கிலிக்கு மறுக்கப்பட்ட கோணங்கள்

கட்டமைப்பு உயிரியல் ஆய்வாளர் ஒருவருக்கு நடத்தப்படும் நினைவுக் கருத்தரங்கில் புகழுரைகளே பாதி நேரத்தை எடுத்துக்கொள்வதுண்டு. ஜி. என். இராமச்சந்திரனுக்கு (1922–2001) திருகோணமலையில் அப்படியோர் அமர்வு நடக்குமானால், உயர்தர மாணவர்களிடம் கொட்பே துறைமுகத்தில் இறங்கும் மீன்களிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்; அவர் உருவம் தேடிய கொலாஜன் என்னும் புரதம் அவற்றின் தோலிலும் முள்ளிலும் நிறைந்திருக்கிறது. மீன்தலைக் குழம்பு குளிர்சாதனப் பெட்டியில் உறைவதும் அதனால்தான்: கொதியில் பிரிந்த கொலாஜன் இழைகள் குளிரில் ஆங்காங்கே மறுபடி முறுக்கிக்கொண்டு, நீரைத் தம்மிடையே பிடித்துவைக்கின்றன.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954, 1955ஆம் ஆண்டுகளில் முன்வைத்த மாதிரியில், மூன்று இழைகள் ஒன்றையொன்று சுற்றிச் செல்கின்றன. நடுவே இடம் மிகக் குறைவு. ஆகவே, ஒவ்வோர் இழையிலும் அதை ஆக்கும் அமினோ அமிலங்களில் மூன்றுக்கு ஒன்று, பக்கச் சங்கிலியாக ஓர் ஐதரசன் அணுவை மட்டுமே கொண்ட கிளைசீனாக இருந்தாக வேண்டும்.

இம்மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருப்பதாகக் கொலாஜனை ஆராய்ந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் கண்டித்தனர். மூன்று அமினோ அமிலங்களுக்கு இரண்டு ஐதரசன் பிணைப்புகள் என்ற இராமச்சந்திரனின் கணிப்பும் நிலைக்கவில்லை. ஒன்றே உண்டு என்ற அவர்களது கணிப்பே பின்னர் ஏற்கப்பட்டது. நினைவுரைகளில் மெல்லக் கடந்துவிடத் தோன்றும் இந்த இடத்தில்தான் அவருடைய ஆய்வு திரும்பியது. அணுக்கள் உண்மையில் எவ்வளவு நெருங்கலாம் என்பதை, அதுவரை அறியப்பட்டிருந்த படிகக் கட்டமைப்புகளிலிருந்து அவர் தொகுக்கத் தொடங்கினார். அதன் விளைவான, இன்று இராமச்சந்திரன் வரைபு எனப்படும் படத்தை, 1963இல் இராமகிருஷ்ணன், சசிசேகரன் ஆகியோருடன் வெளியிட்டார்.

அமினோ அமிலங்களை ஒன்றோடொன்று இணைக்கும் பெப்டைட்டுப் பிணைப்பு பகுதியளவில் இரட்டைப் பிணைப்பின் தன்மை கொண்டதால், அது தட்டையாகவே இருக்கும், எளிதில் சுழலாது. எனவே சங்கிலியின் முதுகெலும்பு சுழலக்கூடிய இடங்கள் ஒவ்வோர் அமினோ அமிலத்திலும் இரண்டுதான்: நைதரசனுக்கும் நடுக்காபனுக்கும் இடையிலான பிணைப்பு (பை கோணம்), நடுக்காபனுக்கும் அடுத்த காபனுக்கும் இடையிலான பிணைப்பு (சை கோணம்). இரண்டையும் −180 முதல் +180 பாகை வரை இரு அச்சுகளில் குறித்து, அணுக்கள் மோதும் சேர்க்கைகளை நீக்கினால், படத்தின் பெரும்பகுதி வெறுமையாகிவிடும். எஞ்சும் சிறு தீவுகளில் ஒன்றில், பை −60, சை −45 பாகையை ஒட்டி, சங்கிலி திருகுபோல் சுற்றும் அல்பா சுருள் அமைகிறது. மேல் இடப்பக்கத்தில் சங்கிலி நீண்டு விரியும் பீட்டா இழைகளும், அவற்றுக்கு அருகே கொலாஜனும் இடம்பெறுகின்றன. மோதுவதற்குப் பக்கச் சங்கிலி இல்லாத கிளைசீனுக்கு மட்டும் பரந்த வெளி உண்டு. வளையத்தால் பை கோணம் ஏறக்குறையப் பூட்டப்பட்ட புரோலினுக்கோ ஒடுங்கிய பட்டை மட்டுமே.

எக்ஸ் கதிராலோ உறைகுளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டியாலோ கண்டறியப்பட்டுப் புரதத் தரவு வங்கிக்கு வரும் கட்டமைப்புகள் இன்றும் இந்த வரைபில் வைத்துச் சோதிக்கப்படுகின்றன. வெறும் பகுதியில் விழும் புள்ளி பெரும்பாலும் மாதிரி அமைத்தவரின் தவறு. சிலவேளைகளில் மட்டும், நொதியில் வினை நிகழும் இடமான செயல்மையத்தில் சங்கிலி உண்மையாகவே அப்படி நெருக்கப்பட்டிருக்கும். எது என்பதை, சோதனையில் கிடைத்த இலத்திரன் அடர்த்திப் படத்தைத் திரும்பப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும்.