ஹெல்த் ஈக்விட்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஈக்விட்டி என்றதும் மதுரையில் பாதிப் பேருக்குப் பங்குச்சந்தைதான் நினைவுக்கு வரும். அதுவும் இதே சொல்தான். லத்தீனில் 'ஏக்வுஸ்' என்றால் மேடுபள்ளம் இல்லாத, மட்டமான என்று பொருள். அது பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சட்டத்தின் எழுத்தை அப்படியே பிடித்தால் ஒருவருக்கு அநியாயமாகும் என்கிற இடத்தில் நியாயம் பார்த்துத் தீர்க்கும் முறைக்கு இங்கிலாந்து நீதிமன்றங்கள் இந்தப் பெயரை வைத்துக்கொண்டன. மருத்துவத்தில் புழங்குவதும் கிட்டத்தட்ட இந்தப் பொருள்தான்.

ஈக்வாலிட்டியும் அதே வேரில் வந்தது என்பதால் இரண்டுக்கும் 'சமத்துவம்' என்றே எழுதிவிடுகிறோம். அங்கேதான் சிக்கல். நல்வாழ்வில் காணும் வேறுபாடுகளில் தேவையற்றது, தவிர்க்கக்கூடியது, நியாயமற்றது எதுவோ அதுவே இன்ஈக்விட்டி, அதாவது ஈக்விட்டி இல்லாமை என்று 1990இல் பிரிட்டன் நல்வாழ்வு ஆய்வாளர் மார்கரெட் ஒயிட்ஹெட் விளக்கினார். தாத்தாவுக்கு வரும் நோய் பேரனுக்கு வராதது இதில் சேராது.

மதுரை மாவட்டத்தில் பேரையூர்ப் பக்கம் மலையடிவாரத்தில் ஒரு கர்ப்பிணி, மதுரை நகருக்குள் அண்ணா நகரில் ஒரு கர்ப்பிணி என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே சத்து மாத்திரை, கூப்பிட ஒரே 108. சமத்துவம் ஆயிற்று. பிரசவத்துக்குப் பின் உதிரப்போக்கு கண்டால் அண்ணா நகர்க்காரர் ஆட்டோ பிடித்தே பெரியாஸ்பத்திரிக்குப் போய்விடுவார். அடிவாரத்துப் பெண்ணின் கணவர் திருப்பூரில் வேலையில் இருப்பார். மாமியார் சரி என்று சொல்ல வேண்டும். வண்டி வர வேண்டும். போன இடத்தில் ரத்தம் இல்லையென்றால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். முடிவெடுக்க, போய்ச்சேர, சிகிச்சை கிடைக்க என்று இதை மூன்று தாமதங்களாகப் பிரித்துச் சொல்வார்கள். கடும் உதிரப்போக்கோ இரண்டு மணி நேரத்தில்கூட உயிரைக் கொண்டுபோய்விடும். நாள் நெருங்கும்போதே அந்தப் பெண்ணை ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் அழைத்துவந்து தங்கவைப்பதுதான் ஈக்விட்டி. தமிழக மலைப்பகுதிகளில் இதற்கென்றே பிரசவக் காத்திருப்பு அறைகள் உண்டு.

சராசரிக் கணக்கில் இதெல்லாம் தெரியாது. 2018–20 கணக்குப்படி லட்சம் உயிர்ப் பிறப்புக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. 2030க்குள் 70க்குக் கீழே என்பது உலக இலக்கு. நாம் தாண்டிவிட்டோம், சந்தோஷம்தான். ஆனால் அந்த 54இல் எத்தனை பேர் அடிவாரத்துக்காரர்கள் என்பதை அந்த எண் சொல்லாது. உலகக் கணக்கும் அப்படித்தான்: 2023இல் பேறுகாலத்தில் இறந்த சுமார் 2,60,000 பெண்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் குறைந்த வருமான, கீழ்நடுத்தர வருமான நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

அநீதி வீட்டுக்குள்ளேயும் நடக்கும். 1980களில் உசிலம்பட்டியின் பெயர் பெண்சிசுக் கொலையோடு சேர்த்துப் பேசப்பட்டது (அந்த வட்டாரத்தில் மட்டும் நடந்ததுபோல இன்னும் சொல்கிறார்கள், அது சரியில்லை, வேண்டாம் என்று நினைக்கும் பெண் குழந்தையை அரசுத் தொட்டிலில் விட்டுச்செல்ல வழிசெய்த தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் தொடங்கியதே சேலத்தில்தான்). பிறந்த குழந்தைகளில் ஆணைவிடப் பெண் பிழைக்கும் வாய்ப்பு இயற்கையிலேயே கொஞ்சம் அதிகம். அதனால் ஓர் ஊரில் ஆண் குழந்தையும் பெண் குழந்தையும் ஒரே விகிதத்தில் இறந்தால், பார்க்கச் சமமாக இருக்கும். உண்மையில் பெண் குழந்தையின் பங்கை யாரோ பறித்திருக்கிறார்கள்.

சரி, தமிழ்ச் சொல்? சிலர் 'ஒப்புரவு' என்கிறார்கள். குறளில் ஓர் அதிகாரமே உண்டு, அழகான சொல்தான். ஆனால் அங்கே அது கொடுப்பவரின் குணம். இங்கே பேசுவது பெறுகிறவரின் உரிமை. எனக்குப் பிடித்தது 'சமநீதி'. சமூகநீதி என்று கேட்டுப் பழகிய காதுக்கு, பின்தங்கியவருக்குக் கூடுதலாகக் கொடுப்பதுதான் நியாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஹெல்த்துக்குச் 'சுகாதாரம்' என்று போட்டால் சாக்கடை, குப்பை வரை நினைப்பு போகிறது. அரசுத் துறையின் பெயரிலேயே 'மக்கள் நல்வாழ்வு' இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்ளலாம்.

ஆக, நல்வாழ்வுச் சமநீதி. 'ச்' மிகும். இன்ஈக்வாலிட்டிக்கு ஏற்றத்தாழ்வு, இன்ஈக்விட்டிக்கு நல்வாழ்வு அநீதி. தாய்மார், குழந்தைகள் பற்றி மட்டும் எழுதும்போது 'தாய்சேய் நல்வாழ்வுச் சமநீதி' என்று எழுதலாம்.