இறுக்க இறுக்க ஏன் ஒழுகுகிறது?

வீட்டிலேயே ஆயில் மாற்றிய மறுநாள் காலையில் காரை வெளியே எடுத்தேன். நின்றிருந்த இடத்தில், சிமெண்டுத் தரையில், ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஆயில் வட்டம். ஃபில்டரை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியின் ஓரத்தைத் தடவிப் பார்த்தால் விரலில் ஈரம். ஒழுகினால் இறுக்கு என்பதுதானே நமக்குப் பழக்கம்? ரெஞ்சைப் போட்டு இன்னொரு கால் சுற்று இறுக்கினேன். அடுத்த நாள் வட்டம் பெரிதாகியிருந்தது. மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, மரைக்கு மேலே முடியிழை மாதிரி ஒரு விரிசல் தெரிந்தது.

அந்த மூடியில் இருந்த பழைய ஓ-ரிங்கையே, அதாவது கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையத்தையே, நான் துடைத்துத் திரும்பப் போட்டிருந்தேன். அதை பிளேடால் குறுக்கே வெட்டிப் பார்த்தேன். புது ஓ-ரிங்கை வெட்டினால் வெட்டு முகம் முழு வட்டமாக இருக்கும். இதுவோ ஒரு பக்கம் தட்டையாகிப் பாதி நிலா போல இருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது, ஆனால் மெதுவாகத்தான் மேலே வந்தது. கசிவுக்கான காரணம் அந்தத் தட்டைப் பக்கத்தில்தான் இருந்தது.

ஆயிலைத் தடுப்பது போல்ட்டின் பலம் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் தடுப்பது ரப்பர். புது ஓ-ரிங்கை அதன் பள்ளத்தில் வைத்து மூடும்போது அது தன் தடிமனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு நசுங்குகிறது. பழைய உருவத்துக்குத் திரும்ப முயன்று இரண்டு பக்கச் சுவரையும் ஓயாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளல் இருக்கும் வரை ஆயில் நுழைய இடமில்லை. வருடக்கணக்கில் சூட்டிலும் ஆயிலிலும் கிடந்த ரப்பர் நசுங்கிய உருவத்தையே தன் சொந்த உருவமாக்கிக்கொள்கிறது, தள்ளுவதை நிறுத்திவிடுகிறது. வீட்டுக் குக்கரில் பழைய கேஸ்கெட் இருந்தால் விசில் வராமல் ஓரத்தில் ஆவி போவதும் இதனால்தான். அங்கே யாரும் மூடியைச் சுத்தியலால் அடித்து இறுக்குவதில்லை, புது கேஸ்கெட் வாங்குகிறோம்.

சரி, இரும்பு மூடியாக இருந்திருந்தால் அந்தக் கால் சுற்று தாங்கியிருக்குமே? தாங்கியிருக்கலாம். பிளாஸ்டிக்கின் குணம் வேறு. இன்றைய எஞ்சின்களில் டேப்பட் கவர் (எஞ்சினின் மேல் மூடி), ஃபில்டர் மூடி, சிலவற்றில் ஆயில் சம்ப் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) வரை பிளாஸ்டிக்தான். பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த நைலான். 1935-ல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவன ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழு உருவாக்கிய அதே நைலான் வகை. ஆயிலும் பெட்ரோலும் அதை அரிப்பதில்லை, எடை குறைவு, உள்ளே வளைந்து நெளியும் காற்றுப் பாதைகளையும் ஒரே அச்சில் வார்த்துவிடலாம். மட்டமான பொருளைப் போட்டு ஏமாற்றுகிறார்கள் என்று சிலர் சொல்வதில் நியாயமில்லை. அதற்கென்று ஒரு இயல்பு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டு கை வைக்க வேண்டும்.

நைலான் நாடா கட்டிலை நினைத்துப் பாருங்கள். பின்னிய அன்றைக்கு முரசு மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் நடுவில் குழி விழும். நாடா அறுவதில்லை, முடிச்சு அவிழ்வதில்லை. பாரத்தின் கீழ் நைலான் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு கொடுத்துவிடுகிறது. சூடு கூடினால் இது இன்னும் வேகமாக நடக்கும். நைலான் உருகுவது 260 டிகிரி செல்சியஸ் அருகில்தான் என்றாலும், அதற்கு வெகு முன்பே, ஏறத்தாழ 70 டிகிரியிலேயே, அதன் விறைப்பு குறையத் தொடங்குகிறது. எஞ்சினில் ஆயில் சாதாரணமாகவே 90, 100 டிகிரியில் ஓடுகிறது. கண்ணாடி இழை கலப்பது இந்த இளகலைக் கட்டுப்படுத்தத்தான். முழுக்க நிறுத்த அதனாலும் முடியாது. போல்ட் தலை நேராக பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்து அழுத்தினால், சில மாதங்களில் பிளாஸ்டிக் அடங்கி, போல்ட் தன் இறுக்கத்தை இழந்துவிடும்.

இதற்கு எஞ்சினியர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது. டேப்பட் கவரைக் கழற்றினால் ஒவ்வொரு போல்ட் துளையையும் உற்றுப் பாருங்கள். உள்ளே ஒரு சின்ன உலோகக் குழல் இருக்கும். போல்ட்டை முடுக்கும்போது பாரம் முழுவதும் அந்தக் குழல் வழியாக நேரே எஞ்சினுக்குப் போய்விடும். பிளாஸ்டிக்கின் மேல் விழுவது, ரப்பரை நசுக்கத் தேவையான பாரம் மட்டும். ஆகவே குழல் தரை தட்டிய பிறகு எவ்வளவு இறுக்கினாலும் கேஸ்கெட் ஒரு மயிரிழைகூடக் கூடுதலாக நசுங்காது. கூடுவதெல்லாம் போல்ட்டின் இழுவை மட்டுமே. ஒன்று எஞ்சினில் உள்ள அலுமினிய மரை கழன்றுவிடும், இல்லையென்றால் குழலைச் சுற்றி பிளாஸ்டிக் வெடிக்கும். ஃபில்டர் மூடிகள் பலவற்றிலும் இப்படி ஒரு நிறுத்தம் உண்டு: ஓரம் உட்கார்ந்தவுடன் வேலை முடிந்தது. கழற்றிப் பூட்டும்போது இந்தக் குழல்கள் தொலையாமலும், கேஸ்கெட்டோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு இறுக்குவது? பல ஃபில்டர் மூடிகளின் மேலேயே 25 நியூட்டன் மீட்டர் என்று அச்சாகியிருக்கும். 25 சென்டிமீட்டர் நீள ரெஞ்சின் நுனியில் பத்து கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற முறுக்கு அது. டேப்பட் கவர் போல்ட்டுகளுக்கு பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்குப் பக்கத்தில்தான் இருக்கும். 20 சென்டிமீட்டர் ரெஞ்சில் ஐந்து கிலோ. ஒரு சின்ன அரிசிப் பை. சக்கர நட்டை இறுக்கிப் பழகிய கைக்கு இது இறுக்கமாகவே தோன்றாது. அதனால்தான் முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்று, சின்ன அளவுக்கானது, வாங்குவது வீண் செலவல்ல என்கிறேன். உங்கள் வண்டிக்கான சரியான எண்ணை அதன் சர்வீஸ் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, ரெஞ்சில் நாம் போடும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கிறது. மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடும். மரையில் ஆயில் பட்டிருந்தால் உராய்வு குறையும். ரெஞ்ச் அதே எண்ணைத்தான் காட்டும், ஆனால் போல்ட் கணிசமாக அதிகமாக இழுபட்டிருக்கும். போல்ட்டையும் துளையையும் துடைத்துக் காயவைத்து விட்டுப் பூட்டுங்கள். ஓ-ரிங் விஷயத்தில் இதற்கு நேர் எதிர்: புது ஆயிலை விரலில் தொட்டு மெலிதாகத் தடவினால்தான் அது முறுக்கிக்கொள்ளாமல் வழுக்கி உட்காரும். சில மூடிகளில் ஒன்றுக்கு மேல் பள்ளங்கள் இருக்கும். பழைய ஓ-ரிங் எந்தப் பள்ளத்தில் இருந்தது என்று, அதைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கேஸ்கெட் மேல் சிலிகான் பேஸ்டைத் தாராளமாகப் பூசும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு. நல்ல எண்ணத்தில் செய்வதுதான், ஆனால் கெடுதல். ரப்பர் உருவம் மாறுமே தவிர, அதன் கன அளவு குறையாது. நசுங்கும்போது பக்கவாட்டில் ஒதுங்க அதற்கு இடம் வேண்டும். பள்ளத்தில் அந்த இடத்தைக் கணக்குப் போட்டே விட்டிருப்பார்கள். அதை பேஸ்டால் அடைத்துவிட்டால் ரப்பர் போக்கிடமின்றி கவரையே மேலே தூக்கும். மேலும், பிளாஸ்டிக் கவரும் அது உட்காரும் அலுமினிய எஞ்சினும் சூட்டில் விரிகின்றன. அரை மீட்டர் நீள அலுமினியம் 80 டிகிரி சூடேறினால் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீளும். வெறும் நைலான் மூன்று மில்லிமீட்டருக்கு மேல். கண்ணாடி இழை இதைப் பெரிதும் குறைத்தாலும் இரண்டும் ஒரே அளவுக்கு நீளுவதில்லை. ஒவ்வொரு பயணத்திலும் கவர் கேஸ்கெட்டின் மேல் நுணுக்கமாக நகர்கிறது, ரப்பர் அதற்கு வளைந்து கொடுக்கிறது. டைமிங் செயினை மூடும் டைமிங் கவரும், எஞ்சினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட்டும் சந்திக்கும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு சிலிகான் வைக்கச் சொல்லும் எஞ்சின்கள் உண்டு. கையேடு சொன்ன இடத்தில், சொன்ன அளவு.

பூட்டும்போது பாய் விரிப்பதை நினைத்துக்கொள்ளலாம். நடுவிலிருந்து ஓரத்துக்குத் தடவிப் போனால் சுருக்கம் விழாது. போல்ட்டுகளையும் முதலில் எல்லாவற்றையும் கையால் உட்காரவைத்து, நடுவில் தொடங்கி வெளியே, இரண்டு மூன்று சுற்றில் முடுக்க வேண்டும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பழைய அழுக்கைச் சுரண்ட இரும்புத் தகடு வேண்டாம். பிளாஸ்டிக்கில் விழும் ஒரு கீறலே ஆயிலுக்கு வாய்க்கால். கேஸ்கெட்டை பெட்ரோலில் கழுவவும் வேண்டாம், உப்பிவிடும். ஃபோக்ஸ்வாகனின் சில டர்போ பெட்ரோல் எஞ்சின்களில் ஆயில் சம்ப்போடு, ஆயிலை வடிக்கத் திறக்கும் ட்ரெயின் பிளக்கும் பிளாஸ்டிக். அதை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போட வேண்டும்.

எல்லாம் புதிதாகப் போட்டும் கசிந்தால், எஞ்சின் மூச்சுவிடும் பாதையைப் பாருங்கள். பிஸ்டனைத் தாண்டிக் கீழே வரும் வாயு வெளியேற ஒரு வால்வு உண்டு. பல பிளாஸ்டிக் டேப்பட் கவர்களில் அது கவருக்குள்ளேயே இருக்கும். அது அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியே ஆயிலைத் தள்ளும். அந்த நிலையில் கேஸ்கெட்டை எத்தனை முறை மாற்றினாலும் பலனில்லை.

என் காருக்குப் புது மூடியும் ஓ-ரிங்கும் போட்ட பிறகு, அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைத்து முகப் பவுடரைத் தூவினேன். ஆயில் ஒரு துளி வந்தாலும் பவுடரில் கறுப்புக் கோடு விழுந்து, எங்கே தொடங்குகிறது என்று காட்டிக்கொடுக்கும். ஆயில் கீழ்நோக்கி வழிவதால், ஈரத்தின் உச்சிதான் கசிவின் பிறப்பிடம். சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் சொட்டினால் புகையும், தீயும்கூடப் பிடிக்கலாம் என்பதால் இந்தச் சோதனையை நான் விடுவதில்லை. இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து, ஆறவிட்டு, டார்ச் அடித்துப் பார்த்தேன். பவுடர் தூவினபடியே வெள்ளையாக இருந்தது.