எண்ணெய் மிச்சமானால் மட்டும் போதாது: திரவ எரிபொருள் பர்னர் செய்பவர்கள் அளக்க வேண்டியவை

மண்ணெண்ணெய், டீசல், எத்தனால் போன்ற திரவ எரிபொருள்களில் எரியும் அடுப்புகளையும் அறையைச் சூடாக்கும் ஹீட்டர்களையும் வடிவமைப்பதும் சோதிப்பதும் என் தொழில். சொந்தமாக ஒரு பர்னரைச் செய்து, பழைய அடுப்பைவிட இதில் எண்ணெய் வெகுவாக மிச்சமாகிறது என்ற மகிழ்ச்சியோடு சோதனைக்குக் கொண்டு வருபவர்கள் பெரும்பாலும் எண்ணெய்ச் செலவை ஒழுங்காக அளந்திருப்பார்கள். வெளியேறும் புகைவாயுவை அளந்திருக்க மாட்டார்கள். மிச்சமான எண்ணெய் கண்ணுக்குத் தெரிகிறது. அரைகுறையாக எரிவதால் உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. சிக்கனத்துக்காக நாம் செய்யும் மாற்றங்களில் சில அந்த நச்சு வாயுவைக் கூட்டிவிடுகின்றன. அது எப்படி நடக்கிறது என்பதை, பர்னர் செய்ய முனைபவர்களும் செய்து வைத்திருப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன்.

எண்ணெய் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அது ஆவியாகி, அந்த ஆவி தேவையான அளவு காற்றோடு கலந்த பிறகே எரிகிறது. சந்தையில் எத்தனை வடிவங்கள் இருந்தாலும், ஆவியாக்கும் வழிகள் முக்கியமாக மூன்றுதான்: திரியில் ஊறி மேலேறும் எண்ணெயை அதன் நுனியில் ஆவியாக்குவது, அழுத்தத்தில் உள்ள எண்ணெயைச் சூடான குழாயில் ஆவியாக்கி நுண்ணிய துளை வழியாகப் பீய்ச்சுவது, எண்ணெயை நுண்துளிகளாகத் தூவி, விசிறிக் காற்றில் எரிப்பது. முதல் இரண்டும் சமையலுக்கும், மூன்றாவது புகைபோக்கி உள்ள பெரிய ஹீட்டர்களுக்கும் பொருத்தமானவை.

எந்த வழியாக இருந்தாலும் கணக்கு காற்றிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுமையாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று தேவை. லிட்டர் கணக்கில் சொன்னால், ஒரு லிட்டர் எண்ணெய்க்குச் சுமார் 10 கன மீட்டர் காற்று. எத்தனாலுக்குக் கிலோவுக்கு 9 கிலோ காற்று போதும். ஆனால் மண்ணெண்ணெய் கிலோவுக்குச் சுமார் 43 மெகாஜூல் வெப்பம் தரும் இடத்தில் எத்தனால் சுமார் 27 மெகாஜூல்தான் தரும். ஒன்றுக்காகச் செய்த நிப்பிளிலும் (எண்ணெய் ஆவியைப் பீய்ச்சும் நுண்துளை முனை) காற்றுத் துளைகளிலும் மற்றொன்றை ஊற்றி எரிப்பது ஏன் சரிவராது என்பதற்கு இந்த எண்களே போதிய விளக்கம்.

சமையலுக்கு 2 கிலோவாட் திறனுள்ள பர்னர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அது மணிக்கு ஏறத்தாழ 167 கிராம், அதாவது 210 மில்லிலிட்டர் மண்ணெண்ணெயை எரிக்கும். அதற்குக் குறைந்தபட்சமாக மணிக்கு 2 கன மீட்டருக்குச் சற்றுக் கூடுதலான காற்று வேண்டும். கலப்பு ஒருபோதும் சீராக அமையாது என்பதால், நடைமுறையில் இதைவிடக் கணிசமாகக் கூடுதலாகவே கொடுக்க வேண்டியிருக்கும். இந்தக் காற்று எந்தத் துளைகள் வழியாக உள்ளே வரும், அவற்றின் மொத்தப் பரப்பு என்ன, பாத்திரம் வைத்த பிறகும் அந்த வழி திறந்திருக்குமா என்று முதலில் வரைந்து பார்க்காமல் தகட்டை வெட்டத் தொடங்குவது வீண் வேலை.

திறன் என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு தனித்தனி அளவுகள் கலந்திருக்கின்றன. எண்ணெயில் உள்ள ஆற்றலில் எத்தனை பங்கு வெப்பமாக மாறுகிறது என்பது ஒன்று. அந்த வெப்பத்தில் எத்தனை பங்கு பாத்திரத்துக்குள் போகிறது என்பது மற்றொன்று. ஒரு லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸுக்குக் கொண்டு வர 314 கிலோஜூல் தேவை. இரண்டு அளவுகளையும் பெருக்கி வரும் மொத்தத் திறன் 50 சதவீதம் என்றால் இதற்கு ஏறத்தாழ 15 கிராம் மண்ணெண்ணெய் செலவாகும். சாதாரணமாக எரியும் எந்த அடுப்பிலும் முதல் அளவு 95 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். அதனால் எண்ணெயை மிச்சப்படுத்தும் முயற்சிகள் எல்லாம் இயல்பாகவே இரண்டாவது அளவை நோக்கிப் போகின்றன: பாத்திரத்தைத் தீக்கு நெருக்கமாக இறக்குவது, பாத்திரத்தைச் சுற்றித் தகட்டு வளையம் போடுவது, காற்று வழியைக் குறுக்குவது.

சிக்கல் தொடங்குவது இங்கேதான். தண்ணீர் உள்ள பாத்திரத்தின் அடிப்பகுதி 100 டிகிரியை ஒட்டியே இருக்கும். எரிந்து முடியாத தீ அந்தக் குளிர்ந்த உலோகத்தைத் தொட்டால், வேதிவினை பாதியிலேயே நின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாக மாறும் கடைசிக் கட்டத்துக்குப் போதிய வெப்பநிலை தேவை. அது கிடைக்காததால் மோனாக்சைடு அப்படியே வெளியேறுகிறது. பாத்திரத்தை இறக்க இறக்கத் தண்ணீர் கொதிக்கும் நேரம் குறையும். ஒரு குறிப்பிட்ட இடைவெளிக்குக் கீழே போனதும் மோனாக்சைடு திடீரென ஏறும். தீ நீலமாகவே எரிந்துகொண்டிருந்தாலும் இது நடக்கும். பாத்திரத்தின் அடியில் கரி படியவில்லை என்பதும் ஆதாரம் ஆகாது, ஏனென்றால் புகைக்கரி உண்டாவதும் மோனாக்சைடு தப்பிப்பதும் எப்போதும் சேர்ந்தே நடப்பவை அல்ல.

இது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைக் கணக்காகவே காட்டுகிறேன். மேலே சொன்ன 2 கிலோவாட் பர்னரில், எரியும் கார்பனில் நூற்றில் ஒரு பங்கு மட்டும் மோனாக்சைடாகத் தப்பிப்பதாகக் கொள்வோம். மணிக்கு 3.3 கிராம் வெளியேறும். காற்றோட்டம் அறவே இல்லாத 30 கன மீட்டர் அறையில் ஒரு மணி நேர முடிவில் அது கன மீட்டருக்கு 110 மில்லிகிராம் ஆகிவிடும். உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, ஒரு மணி நேரச் சராசரி கன மீட்டருக்கு 35 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அறையில் உள்ள வாயு இருபது நிமிடங்களுக்குள்ளேயே அந்த அளவைத் தொட்டுவிடும். இதனால் வீணாகும் ஆற்றலோ அரை சதவீதத்துக்கும் குறைவு. எண்ணெயை எடை போட்டுச் செய்யும் எந்தச் சோதனையிலும் அந்த அரை சதவீதம் தெரியாது. நச்சைத் தனியாக அளந்தே ஆக வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேற்பட்ட வலுவோடு இந்த வாயுவைப் பற்றிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் வரும்போது அதற்கு அடுப்புதான் காரணம் என்று பாதிக்கப்பட்டவருக்கே தோன்றாமல் போகக்கூடும்.

ஆகவே பாத்திரத்தாங்கியின் உயரத்தை ஊகத்தில் முடிவு செய்யாதீர்கள். ஒவ்வொரு முறையும் 5 மில்லிமீட்டர் ஏற்றி இறக்கி, ஒவ்வோர் உயரத்திலும் கொதிக்கும் நேரத்தையும், வாயுவில் மோனாக்சைடுக்கும் டை ஆக்சைடுக்கும் உள்ள விகிதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மோனாக்சைடின் அளவை மட்டும் பார்த்தால், சுற்றுக்காற்று கலந்து நீர்த்துப் போன வாயுவைச் சுத்தமானது என்று நினைத்துவிடுவோம். விகிதத்தில் அந்த ஏமாற்றத்துக்கு இடமில்லை. விகிதம் ஏறத் தொடங்கும் உயரத்துக்குச் சற்று மேலே தாங்கியை நிறுத்த வேண்டும். அந்த உயரத்தில் கொஞ்சம் எண்ணெய் கூடுதலாகச் செலவானால் ஆகட்டும். தகட்டு வளையத்துக்கும் இதே சோதனைதான். அது பாத்திரத்தின் பக்கங்களுக்கு வெப்பத்தைக் கொண்டு சேர்ப்பதால் நல்ல துணைதான். ஆனால் வளையத்துக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் உள்ள சந்து, வாயு தடையின்றி வெளியேறும் அளவுக்கு இருக்க வேண்டும். வெளியே போகும் வழி அடைபட்டால் உள்ளே வரும் காற்றும் குறைந்துவிடும்.

திரி அடுப்பில் பலரும் திரியைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் அதன் உயிர் திரிக்கு மேலே நிற்கும், துளையிட்ட உள் உறையிலும் வெளி உறையிலும் இருக்கிறது. அந்த இரண்டு உறைகளுக்கும் நடுவில் ஆவி மேலேறும்போது, நூற்றுக்கணக்கான சிறு துளைகள் வழியாகக் காற்று கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. உறைகள் சிவக்கக் காய்ந்ததும் கலவை அந்த இடைவெளிக்குள்ளேயே எரியத் தொடங்கி, மேலே குட்டையான நீலத் தீ மட்டும் தெரிகிறது. உறை ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தால், அந்தப் பக்கம் மட்டும் மஞ்சள் நாக்கு நீளும். உறையைப் பிடித்து இலேசாக இடமும் வலமும் திருப்பி அதன் பள்ளத்தில் சரியாக உட்கார வைத்தாலே பல அடுப்புகள் சீராகிவிடும். திரியின் நுனி கருகிக் கட்டியாகியிருந்தால் அதைச் சமமாக வெட்டிவிட வேண்டும். டேங்க் ஆழமாக இல்லாமல் அகலமாக இருப்பது நல்லது. எண்ணெய் மட்டம் இறங்க இறங்கத் திரி உறிஞ்சும் உயரம் கூடி, தீ தளர்வது இதனால் குறையும். திரி இல்லாத காலிக் குழாய் ஒன்றுகூட விடக் கூடாது, ஏனெனில் தீ டேங்குக்குள் இறங்க அது திறந்த வாசலாகிவிடும்.

அழுத்த அடுப்பின் அடிப்படை அமைப்பு, ஸ்வீடனைச் சேர்ந்த ஃபிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்குவிஸ்ட் 1892-இல் உருவாக்கிய பிரைமஸ் அடுப்பிலிருந்து பெரிதாக மாறவில்லை. சூடேறிய குழாயில் ஆவியாகும் எண்ணெய், நிப்பிள் வழியாக வேகமாகப் பாயும்போது சுற்றியுள்ள காற்றைத் தானே இழுத்துக்கொள்கிறது. இதில் நிப்பிளின் துளைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அதன் விட்டம் 0.30 மில்லிமீட்டரிலிருந்து 0.33 ஆனால் பரப்பு 21 சதவீதம் கூடிவிடும். எண்ணெயும் ஏறத்தாழ அதே அளவு கூடிப் பாயும். காற்று அதற்கு ஈடுகொடுக்காது. அடைப்பை எடுக்கத் தடித்த கம்பியை விட்டுக் குத்திக் குத்திப் பெரிதாகிப்போன நிப்பிள்களை உருப்பெருக்கியில் பார்த்தால், வட்டமாக இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும். ஆவி நேராகப் பாயாமல் சாய்ந்து பாய்வதும், தீ ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாவதும் அதனால்தான். அதற்கென உள்ள பின்னை மட்டுமே பயன்படுத்துங்கள். தேய்ந்த நிப்பிளை மாற்றிவிடுங்கள். குழாய் போதிய சூடேறும் முன் வால்வைத் திறந்தால் ஆவிக்குப் பதில் திரவமே பீறிட்டு, ஆளுயரத் தீ எழும். முன்சூடேற்றும் கிண்ணத்தில் ஊற்றிய ஸ்பிரிட் எரிந்து தீரும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

துளிகளாகத் தூவும் பர்னரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், அதை வீட்டில் செய்ய நான் ஊக்குவிப்பதில்லை. ஒரு துளி ஆவியாக எடுக்கும் நேரம் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 100 மைக்ரான் துளிக்கு 50 மைக்ரான் துளியைவிட நான்கு மடங்கு நேரம் வேண்டும். ஆகவே நாசில் தேய்ந்து துளிகள் பெருத்தால் எரிகலனுக்குள் எரிந்து முடியாது. புகைபோக்கி வாயுவில் ஆக்சிஜன் 5 சதவீதம் என்றால் ஏறத்தாழ 31 சதவீதம் கூடுதல் காற்று போகிறது. 10 சதவீதம் என்றால் 91 சதவீதம். அந்தக் கூடுதல் காற்று அறையின் வெப்பத்தை வெளியே சுமந்து செல்கிறது. புகைவாயுவை அளக்கும் மீட்டர் இல்லாமல் இதைச் சரிசெய்ய முடியாது.

புகைபோக்கி இல்லாத ஹீட்டரை மூடிய அறையில் எரிப்பவர்கள் மற்றொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக அறைக்குள் சேர்கிறது. சுவர் ஈரமாவதும் பூஞ்சை படர்வதும் அதனால்தான். வீட்டுக்குள் மண்ணெண்ணெய் எரிப்பதையே உலக சுகாதார நிறுவனம் 2014-இல் ஊக்குவிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டது. வேறு வழி உள்ளவர்கள் அதைத் தேர்ந்தெடுப்பதே நல்லது. வழியில்லாதவர்கள், படுக்கும் அறையில் எரிக்காமல், எதிரெதிரே இரண்டு சன்னல்கள் திறந்த இடத்தில், கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றை வைத்துக்கொண்டு எரியுங்கள்.

எரிபொருளில் கலப்படம் என்பது உயிர் தொடர்பான விஷயம். திரவத்தின் மேல் நிற்கும் ஆவி பொறி பட்டதும் பற்றிக்கொள்ளத் தேவையான குறைந்தபட்ச வெப்பநிலை மண்ணெண்ணெய்க்கு 38 டிகிரி செல்சியஸும் அதற்கு மேலும் இருக்க, பெட்ரோலுக்கு அது சுழியத்துக்கும் 40 டிகிரி கீழே இருக்கிறது. மண்ணெண்ணெயில் சிறிதளவு பெட்ரோல் கலந்தாலும், சாதாரண அறை வெப்பத்திலேயே டேங்குக்குள் பற்றக்கூடிய ஆவி நிற்கும். எத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் சரியாகத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மீண்டும் ஊற்றும்போது தீ கையிலுள்ள குப்பிக்குத் தாவுகிறது. எதுவானாலும் அடுப்பு முழுவதும் ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். பழைய எஞ்சின் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விட்டு எரிக்கும் பர்னர்களில் சமைக்கவே கூடாது. அதில் தேய்மான உலோகங்கள் கலந்திருக்கும். அதில் தண்ணீர் கலந்திருந்தாலோ, சூடான தட்டில் விழுந்ததும் ஆயிரத்து எழுநூறு மடங்கு பெருத்து, எரியும் ஆயிலை வெளியே வீசும். துத்தநாக முலாம் பூசிய தகட்டைத் தீ படும் இடத்தில் வைக்காதீர்கள். டேங்க் மூட்டுகளில் ஈயப் பற்றை நம்பாதீர்கள். சாதாரணப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கும்.

புதிய பர்னரின் முதல் எரிப்பைத் திறந்த வெளியில் வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் முழுத் தீயில் எரித்து, டேங்கின் வெப்பநிலையைப் பாருங்கள். எரிபொருள் பற்றிக்கொள்ளும் வெப்பநிலையை அது நெருங்கினால், நடுவில் வெப்பத்தடுப்புத் தகடு வைக்கும் வரை அடுத்த சோதனைக்குப் போகக் கூடாது. பிறகு வாயு விகிதம், கொதிக்கும் நேரம், எண்ணெய்ச் செலவு என்ற வரிசையில் அளந்து குறித்து வையுங்கள். சில வாரங்கள் அன்றாடம் பயன்படுத்திய பிறகு, எதையும் துடைக்காமல், அதே அளவுகளை மறுபடி எடுங்கள். இப்போது துளைகளில் கரி படிந்திருக்கும், நிப்பிள் கொஞ்சம் தேய்ந்திருக்கும், திரி கருகியிருக்கும். வாயு விகிதம் முன்பைவிட ஏறியிருந்தால், காற்றுத் துளைகளைப் பெரிதாக்குவதா, தாங்கியை இன்னும் 5 மில்லிமீட்டர் உயர்த்துவதா என்பதை ஒரு முறைக்கு ஒன்றாக மாற்றிப் பார்த்து, கரி படிந்து தேய்ந்த நிலையில் உள்ள அந்தப் பர்னரிலேயே விகிதம் இறங்கும் வரை வடிவத்தைத் திருத்துங்கள்.