ஃபியூல் கேஜ்: மானியா, காட்டியா?

காரின் தொட்டியில் எரிபொருள் எந்த மட்டத்தில் நிற்கிறது என்பதை ஓட்டுநரின் கண்ணெதிரே முள்ளாலோ ஒளிக்கட்டங்களாலோ தெரிவிக்கும் கருவி ஃபியூல் கேஜ். தமிழில் இதற்கு எரிபொருள்மானி, எரிபொருள் அளவி, எரிபொருள் காட்டி என்று மூன்று பெயர்களைச் சொல்லலாம். மூன்றில் எரிபொருள் காட்டி என்பதே சரியான பெயர் என்று நான் கருதுகிறேன். அதற்கான காரணத்தை இலக்கணத்தில் தேடுவதோடு நிறுத்தாமல் பெட்ரோல் தொட்டிக்குள்ளும் தேட வேண்டும். முள் பொய் சொல்லும்போது எங்கே கைவைப்பது என்பதும் அந்தத் தேடலிலேயே விளங்கிவிடும்.

முதலில் மூலச்சொல். மொரீஷியஸில் வாழ்பவர்களுக்கு இது இரண்டு உருவில் காதில் விழும். ஆங்கிலக் கையேட்டில் கேஜ். பட்டறையில் பிரெஞ்சு பேசும் மெக்கானிக்கிடம் ஜோஜ். 1715 முதல் பிரெஞ்சுக்காரரும் 1810 முதல் ஆங்கிலேயரும் ஆண்ட தீவு இது. 1810 சரணாகதி உடன்படிக்கையில், குடிமக்கள் தங்கள் சட்டத்தையும் வழக்கத்தையும் காத்துக்கொள்ளலாம் என்று ஆங்கிலேயர் ஒப்புக்கொண்டதால், பிரெஞ்சு மொழி ஆட்சி மாறிய பிறகும் நிலைத்தது. இங்கே அருகருகே புழங்கும் கேஜும் ஜோஜும் பிறப்பால் ஒரே சொல். வடபிரான்சின் நார்மன் பேச்சில் ககர ஒலி வன்மையாகவே நின்றது. பாரிஸ் பக்கத்துப் பேச்சில் அது ஜகரமாக நெகிழ்ந்தது. ஆங்கிலேயர் நார்மன் வடிவத்தை எடுத்துக்கொண்டார்கள். தோட்டத்தைக் குறிக்கும் ஆங்கில கார்டனும் பிரெஞ்சு ஜார்தேனும் இதே வழியில் பிரிந்த இணை.

இந்தச் சொல்லின் வேர், பழைய ஜெர்மானியக் கிளைமொழியான ஃபிராங்கியத்தில் கழி அல்லது கம்பு என்ற பொருளுடைய கல்கா என்ற சொல்லாக இருக்க வேண்டும் என்பது மொழியியலாளர் கருத்து. பீப்பாய்க்குள் விட்டு எவ்வளவு திராட்சை மது இருக்கிறது என்று பார்க்கும் கோல்தான் முதல் ஜோஜ். பிரெஞ்சு அந்தப் பழைய பொருளை இன்றும் விடவில்லை: எஞ்சின் எண்ணெயைப் பார்ப்பதற்கு நாம் உருவித் துடைக்கும் கம்பிக்கும் ஜோஜ் என்றே பெயர், முள் ஆடும் கருவிக்கும் ஜோஜ் என்றே பெயர். தமிழில் முன்னதற்கு அளவுகோல் என்ற சொல் அப்படியே பொருந்துகிறது.

கார்களும் கோலில்தான் தொடங்கின. ஃபோர்டு மாடல் டி காரில் எரிபொருள் காட்டும் கருவி கிடையாது. இருக்கையைத் தூக்கி, அடியிலுள்ள தொட்டியில் குச்சியை விட்டுப் பார்க்க வேண்டும். 1960-களின் தொடக்கம் வரை வந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டிலிலும் முள் இல்லை. பெட்ரோல் தீரும்போது காலால் ஒரு குழாய்த் திருகைத் திருப்பி, ஒதுக்கிவைத்த சில லிட்டரைத் திறந்துகொண்டு போக வேண்டும். நம்மூர் இருசக்கர வண்டிக்காரர்கள் ‘ரிசர்வில் ஓடுகிறது’ என்று சொல்வது இந்த ஏற்பாட்டைத்தான்.

கோலால் அளப்பதில் ஒரு சிக்கல் உண்டு. அதைக் கண்டு கொதித்தவர் வானியலாளர் கெப்ளர். 1613-இல் லின்ட்ஸ் நகரில் தம் இரண்டாம் திருமணத்துக்கு அவர் மது வாங்கினார். வணிகர் பீப்பாயின் நடுத்துளை வழியே கோலைச் சாய்வாக விட்டு, அது எவ்வளவு தூரம் போகிறது என்று பார்த்து விலை சொன்னார். பீப்பாய் குட்டையாகவும் பருத்தும் இருந்தாலும், நெட்டையாகவும் ஒடுங்கியும் இருந்தாலும் கோல் ஒரே நீளத்தைக் காட்டக்கூடும். உள்ளே இருக்கும் மதுவோ வேறு வேறு அளவு. கெப்ளர் இதை விடவில்லை. பீப்பாய்களின் கொள்ளளவை ஆராய்ந்து 1615-இல் ஒரு நூலே வெளியிட்டார். இன்றைய கார்த் தொட்டியின் தொல்லை முழுவதும் அந்தத் திருமண வீட்டிலேயே இருக்கிறது: கோல் காட்டுவது நீளம், நாம் கேட்பது கொள்ளளவு.

இனித் தொட்டிக்குள் போவோம். பெட்ரோலின் மேல் ஒரு மிதவை கிடக்கிறது. அது ஒரு மெல்லிய கம்பிக் கையின் நுனியில் மாட்டப்பட்டிருக்கிறது. கையின் மறுமுனையில் ஒரு சிறு உலோக நாக்கு, மின்தடைத் தடம் ஒன்றின்மேல் உரசி நகர்கிறது. மட்டம் தாழ்ந்தால் மிதவை தாழும், நாக்கு நகரும், மின்தடை மாறும், அதற்கேற்ப ஓட்டுநர் முன்னுள்ள முள் அசையும். அவ்வளவுதான். லிட்டரை எண்ணுகிற உறுப்பு இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. மிதவை நிற்கும் உயரம் ஒன்றே செய்தியாக மேலே போகிறது.

தொட்டியோ நேரான பெட்டி இல்லை. பின்னிருக்கைக்கும் அச்சுக்கும் புகைக்குழாய்க்கும் இடம் விட்டு வளைந்து நெளிந்த உருவம் அது. மேற்பகுதி அகன்றும் அடிப்பகுதி ஒடுங்கியும் இருந்தால், முதல் பாதி மெல்ல இறங்கும் முள் இரண்டாம் பாதியில் விரைந்து விழும். நிரம்பிய தொட்டியில் மிதவை கூரையைத் தொட்டு நின்றுவிடுவதால், முதல் சில பத்துக் கிலோமீட்டருக்கு முள் அசையாமல் இருப்பதும் உண்டு. போர்ட் லூயி கடற்கரையிலிருந்து ஏறத்தாழ 550 மீட்டர் உயரத்திலுள்ள க்யூர்பிப்புக்கு ஏறும்போது ஒரு கணக்கு, இறங்கும்போது வேறு கணக்கு: தொட்டி சாயும்போது பெட்ரோல் ஒரு பக்கம் திரள்கிறது, மிதவை அந்தப் பக்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது அல்லது தாழ்கிறது. இவை எதுவும் பழுது ஆகாது. பட்டறைக்குப் பணம் கொடுக்கும் முன், காரைச் சமதளத்தில் நிறுத்தி மீண்டும் ஒருமுறை முள்ளைப் பாருங்கள்.

இங்கேதான் பெயர் முக்கியமாகிறது. மானி என்பது வடமொழி மானம் என்பதிலிருந்து வந்தது. அளவு என்று பொருள். கிரேக்க மெட்ரானிலிருந்து வந்த மீட்டருக்கு இது தொலைதூர உறவு. வெப்பமானி, வேகமானி, காற்றழுத்தமானி என்று நிலைத்துவிட்ட சொற்களை மாற்றச் சொல்ல மாட்டேன். அந்தக் கருவிகள் தாங்கள் பெயர்பெற்ற பொருளையே அளக்கின்றன. அளவி என்பது அள என்னும் வினையடியில் பிறந்தது. நல்ல தமிழ், அழகான ஆக்கம். ஆனால் நம் இலக்கண மரபில் அளவு என்ற சொல்லுக்கே கூர்மையான பொருள் ஒன்று இருந்தது. தொல்காப்பியம் அளவையும் நிறையையும் தனித்தனியே வைத்துப் பேசுகிறது. அவற்றின் பெயர்கள் எந்தெந்த எழுத்தில் தொடங்கும் என்றும் விதி சொல்கிறது. அளவுக்கு உரையாசிரியர்கள் தரும் எடுத்துக்காட்டுகள் கலம், சாடி, தூதை, பானை, நாழி, உழக்கு போன்றவை. எல்லாம் முகந்து பார்க்கும் கொள்ளளவு. ஆகவே எரிபொருள் அளவி என்று சொன்னால், இத்தனை நாழி, இத்தனை லிட்டர் என்று முகந்து சொல்லும் கருவி என்று பொருளாகிவிடும். அந்தப் பெருமை மிதவைக்கு உரியது அன்று. அது பெட்ரோல் நிலையத்துக் குழாயின் மீட்டருக்கு உரியது; அதுதான் உண்மையில் லிட்டரை அளக்கிறது.

காண் என்பதன் பிறவினை காட்டு. அதனோடு இகர விகுதி சேர்ந்தால் காட்டி. திசைகாட்டி, நாட்காட்டி, வழிகாட்டி எல்லாம் இந்த அச்சில் வார்த்தவை. காட்டி தன் கண்ணுக்குத் தெரிந்ததைச் சொல்கிறது, அதற்குமேல் உறுதி தருவதில்லை. எரிபொருள் காட்டி என்ற பெயரே போதும். தொழிற்கல்விப் பாடத்தில் இன்னும் துல்லியம் வேண்டும் என்றால் எரிபொருள் மட்டங்காட்டி என்று எழுதலாம். தொட்டிக்குள் இருக்கும் உறுப்பை மட்ட உணரி என்றும் அதன் பகுதிகளை மிதவை, கை, நாக்கு, தடம் என்றும் சொன்னால் மாணவர் தடுமாற மாட்டார். தமிழ்நாட்டு ஓட்டுநர்கள் பேச்சில் சொல்லும் ‘பெட்ரோல் முள்’ என்பதும் எனக்குப் பிடிக்கும். தராசுக்கும் கடிகாரத்துக்கும் முள் இருக்கும்போது காருக்கும் இருக்கட்டும்.

இதை ஏன் இவ்வளவு அக்கறையோடு சொல்கிறேன் என்றால், மொரீஷியஸில் தமிழ் பெரும்பாலும் வீட்டில் பேசப்படும் மொழி இல்லை. பள்ளியிலும் கோயிலிலும் கற்கும் மொழி. ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிறது. கிரியோல் சமையலறையில் முருங்கைக்கீரை ‘ப்ரெத் மூரூம்’ என்று வாழ்கிறது. கார்ப் பட்டறையிலோ லோட்டோ, லெசான்ஸ் என்று பிரெஞ்சு வழிச் சொற்களே ஆள்கின்றன. லோட்டோ என்றால் கார், லெசான்ஸ் என்றால் பெட்ரோல். சென்னையிலிருந்து வருபவருக்கு எசன்ஸ் என்றால் பாயசத்தில் விடும் துளி. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு மாணவர் தமிழ்ப் பெயரை முதன்முதலில் புத்தகத்தில்தான் சந்திப்பார். அது கருவியின் வேலையைச் சரியாகச் சொல்ல வேண்டும்.

காட்டி உண்மையிலேயே கெட்டுவிட்டால் என்ன செய்வது? அது இரண்டு முனை உடையது என்பதை நினைவில் வையுங்கள்: உணர்வது தொட்டியில், காட்டுவது முன்பலகையில், நடுவில் கம்பி. எந்த முனையில் பழுது என்று பிரித்தறிவதே பாதி வேலை. பல கார்களில் பின்னிருக்கையைத் தூக்கினால் ஒரு மூடியும் அதன்கீழ் மட்ட உணரியின் இணைப்பும் தெரியும். இணைப்பைக் கழற்றினால் முள் ஒரு கோடிக்கும், உணரிக்குப் போகும் கம்பியைக் காரின் உலோக உடலோடு இணைத்து எர்த் செய்தால் மறு கோடிக்கும் போக வேண்டும். அப்படிப் போனால் முன்பலகையும் கம்பியும் நலம். குற்றம் தொட்டியில் இருக்கிறது. இது முள்ளுள்ள பழைய வகைக் கார்களுக்கான சோதனை. கட்டுப்பாட்டுக் கணினி நடுவில் இருக்கும் புதிய கார்களில் கம்பியைத் தொடாமல், பழுதறியும் கருவியைக் கணினியோடு இணைத்துப் படிப்பதே பாதுகாப்பு.

எந்தக் கோடிக்கு எது என்பது காருக்குக் கார் மாறும். அமெரிக்காவில் பரவலான ஒரு வகையில் உணரியின் மின்தடை தொட்டி காலியானால் 240 ஓம், நிரம்பினால் 33 ஓம். ஐரோப்பிய வகை ஒன்றில் இது தலைகீழ்: காலியில் 10, நிறைவில் 180. மொரீஷியஸ் சாலைகளில் ஜப்பானிலிருந்து புதுப்பித்து வந்த கார்களும் பிரெஞ்சுக் கார்களும் கலந்து ஓடுகின்றன. ஒரு காரின் எண்ணை இன்னொன்றுக்குப் பொருத்திப் பார்த்து உணரி கெட்டுவிட்டது என்று தூக்கியெறியாதீர்கள். அந்தந்தக் காரின் பட்டறைக் கையேட்டு எண்ணே செல்லும்.

எர்த் இணைப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடல்சூழ் தீவில் உப்புக் காற்று படாத இடம் குறைவு. துருப்பிடித்த எர்த் முனை, இல்லாத மின்தடை ஒன்றை வழியில் சேர்த்துவிடுகிறது. காலியில் மின்தடை கூடும் வகையில் இதனால் முள் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்; அது தொல்லைதான், ஆபத்தில்லை. தலைகீழ் வகையில் முள் இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். அப்போதுதான் நடுவழியில் நிற்க நேர்கிறது. உணரியை விலைக்கு வாங்கும் முன் அந்த முனையைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி மாட்டிப் பாருங்கள். செலவே இல்லாத வேலை இது; ஆனாலும் கடைசியாகவே பலருக்கு நினைவு வருகிறது.

உணரியை வெளியே எடுத்துவிட்டால், மின்தடை அளக்கும் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, உணரியின் கம்பிக் கையைக் கீழிருந்து மேலாக மெல்ல நகர்த்துங்கள். எண் படிப்படியாக மாற வேண்டும். நடுவில் தாவினாலோ மறைந்தாலோ அந்த இடத்தில் தடம் தேய்ந்திருக்கிறது. அன்றாடம் கால் தொட்டிக்கும் அரைத் தொட்டிக்கும் இடையில் ஓடும் காரில் அந்தப் பகுதியே முதலில் தேயும். மிதவையைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை விழுந்து மூழ்குகிறது என்று பொருள், முள் எப்போதும் காலி என்றே காட்டும். நாக்கும் தடமும் வெள்ளி கலந்தவையாக இருந்தால், பெட்ரோலிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அவற்றில் கரும்படலம் படியச் செய்யும். 2004-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடா, லூசியானா பகுதிகளில் கந்தகம் மிகுந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்து, ஏராளமான கார்களின் முள்கள் இப்படித்தான் கெட்டன. தூய்மை செய்யும் திரவத்தைத் தொட்டியில் ஊற்றினால் படலம் சில வேளை கரையும். தேய்ந்த தடத்தை எந்தத் திரவமும் மீட்காது.

பழைய பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: எரிபொருள் முள்ளும் வெப்ப முள்ளும் ஒரே நேரத்தில் உயர்ந்து காட்டினால் தொட்டியைத் தொடாதீர்கள். இரண்டுக்கும் சராசரி 10 வோல்ட் கொடுக்கும் சிறு சீராக்கி முன்பலகைக்குப் பின்னால் இருக்கும், பழுது அதில்தான்.

தொட்டியைத் திறக்கும்போது பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றியிருக்க வேண்டும், காற்றோட்டமான வெளியில் இருக்க வேண்டும், அருகில் தீப்பொறி கூடாது. காட்டி கெட்ட காரில், பெட்ரோல் நிரப்பியதும் ஓடிய தூரத்தைக் காட்டும் பயண எண்ணைச் சுழியத்துக்குக் கொண்டுவந்து, தூரத்தை வைத்து ஓட்டுங்கள். அடிவரை வற்றவிடாதீர்கள், தொட்டிக்குள் இருக்கும் மின்பம்பு பெட்ரோலில் மூழ்கியே தன் சூட்டைத் தணித்துக்கொள்கிறது.

மின்சாரக் கார்களில் மிதவையும் இல்லை, மட்டமும் இல்லை. மின்கலத்துக்குள் போன மின்னோட்டத்தையும் வெளியேறியதையும் கூட்டிக் கழித்துக் கணினி ஒரு விழுக்காட்டை மதிப்பிடுகிறது. மின்கலம் மூப்படைந்தால் அந்த மதிப்பீடும் விலகும். அதற்கு மின்னேற்றக் காட்டி என்று பெயரிடலாம்.